நூல்காரியும் நேற்றைய ரொட்டியும்

நூல்காரி என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலில் ஒரு புலம்பலோடுதான் வந்தது. ரொட்டி வாங்கப் போன சின்ன நாத்தனார் வெறுங்கையோடு திரும்பி, செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். கடையில் ரொட்டி இருக்கிறதாம். ஆனால் அது நேற்று நூலாம். இன்றைய நூல் தீர்ந்துவிட்டதாம். வேண்டுமென்றால் எடுத்துப் போங்கள், பிறகு அந்த நூல்காரி வந்து வாசலில் நின்றால் என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சத்தியம் கேட்காத குறையாகச் சொன்னாராம். "நான் ரொட்டி வாங்கப் போனேனா, நூல் வாங்கப் போனேனா? யாரு அந்த மகராசி?" என்று நாத்தனார் கேட்க, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் தலையைத் தூக்காமலே, "வேற யாரு, நம்ம தம்பி மருமகதான்" என்றார்.

உறவு முறையை இங்கேயே சொல்லிவிட்டால் பின்னால் குழப்பம் வராது. என் மாமியாருக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் இருந்தார். சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும் ஒரே வீட்டில் இருந்தார்கள்; மகளை அதே ஊரிலேயே கட்டிக்கொடுத்தாயிற்று. மூத்தவனுக்கு வாக்கப்பட்டு வந்தவள்தான் இந்த நூல்காரி. இளையவன் அவளுக்குக் கொழுந்தன், இடது கைப்பழக்கக்காரன். அந்தத் தம்பி மனைவிதான் நூல்காரிக்கு மாமியார், இனி மாமியார் என்றால் அவள்தான்; வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. ஆனால் எப்போதும் வாய்தான் முதலில் வரும். கதைக்கு வேண்டிய குடும்பம் அவ்வளவுதான்.

மூத்தவன் பெரிய பேக்கரியில் மாவு பிசைகிற வேலையில் இருந்தான். வருஷக்கணக்காக மூக்கில் ஏறிய மாவுத் தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு படி ஏறினால் இளைப்பு வாங்கியது. மாவு வேண்டுமா மூச்சு வேண்டுமா, ஒன்றைச் சொல் என்று டாக்டர் கேட்டுவிட்டார். விஷயம் தெரிந்ததும் பேக்கரி முதலாளி அவன் தோளைத் தட்டி, ஒரு டப்பா பிஸ்கட்டைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அந்த டப்பாவை அவள் திறக்கவே இல்லை. அலமாரி உச்சியில் வைத்தாள். ஆசையாகக் கேட்ட கொழுந்தனிடம், "அதைத் தின்னா நாம அவருக்கு நன்றி சொல்லணும். எனக்கு இப்போ அந்த எண்ணம் இல்ல" என்றாள்.

அடுத்த வாரமே பின்கட்டில் செங்கல் வந்து இறங்கியது. அவள் ரொட்டி சுடப் போகிறாள் என்று தெரிந்ததும் மாமியார் வாயில் கை வைத்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலே பக்கத்து வீட்டார் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, இவள் ரொட்டி சுட்டு ஊரை நிரப்பப் போகிறாளாம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே அடுப்பு கட்டும் கொத்தனாருக்குத் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கணவன் மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு, பின்வாசல் நிலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயாலேயே சொல்லிக்கொடுத்தான். பிசை, இன்னும் பிசை, அந்த மாவு உன் கையைத் திருப்பித் தள்ள வேண்டும் என்பான். முதலில் வந்தது ரொட்டியா செங்கல்லா என்று அடையாளம் தெரியவில்லை. கொழுந்தன் ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்து, "அண்ணி, பின்பக்கச் சுவர் பாதியில நிக்குதே, இதை வெச்சு முடிச்சிடலாம்" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி மாவைக் கொட்டினாள். கையில் தோல் உரிந்து, தகர அச்சுகளின் சூடு பட்டு, முழங்கையெல்லாம் தழும்பான பிறகு ஒருநாள் ரொட்டி ரொட்டியாகவே வந்தது. மேல்தோல் பொன்னிறம், உள்ளே பஞ்சு. கணவன் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு யாரும் தந்திருக்க முடியாது.

கடைகளுக்குப் போட ஆரம்பித்தார்கள். கொழுந்தன் சைக்கிளில் பெட்டி கட்டிக் கொண்டுபோவான். மெல்லிய தாளில் சுற்றிய ரொட்டி. பெயர் கிடையாது, படம் கிடையாது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் காலையில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நேராக வீட்டுக்கே வந்து, வாசலில் ஒரு ரொட்டியை எறிந்தாள். ஓரமெல்லாம் பச்சையாகப் பூஞ்சை பூத்திருந்தது. "இதைத் தின்னுட்டு என் பிள்ளை ராவெல்லாம் வாந்தி எடுத்திருக்கு. உனக்கும் புள்ளைகுட்டி பொறக்கும்ல" என்று கேட்டுவிட்டுப் போனாள். பிள்ளை பிறக்காத வீடு அது. சொன்னவளுக்கு அது தெரியாது.

அவள் அந்த ரொட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் அச்சில் வெந்ததுதான். என்றைக்கு வெந்தது என்பது யாருக்குத் தெரியும்? விற்காததைக் கடைக்காரர்கள் புதிதோடு கலந்து அடுக்கிவிடுகிறார்கள். நாலு நாள் பழசும் இன்று வந்ததும் ஒரே தாளில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். மூலைக்கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர், "ரொட்டி என்ன பேசுமா, நான் இந்தக் கிழமை பொறந்தேன்னு?" என்று கேட்டுச் சிரித்தார்.

"பேச வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த தெருத் தையல்காரர் அவளுக்கு அண்ணன் முறை. சொந்தத்தில் இல்லை, பழக்கத்தில். அவரிடம் போய்ப் பல நிறத்தில் தடித்த நூல்கண்டுகளை வாங்கி வந்தாள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம். திங்கள் என்றால் வெள்ளை, செவ்வாய் என்றால் சிவப்பு, அப்படியே ஞாயிறு வரை. அன்றைய ரொட்டிக்கு அன்றைய நூல். முடிச்சு அவளுடைய அம்மா போட்ட முடிச்சு. அம்மா மெத்தை தைத்துப் பிழைத்தவள். மெத்தைக்குப் போடும் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். அதை அவள் வீட்டில் ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்தாள், கொழுந்தனுக்கு. அவள் அடுப்பைப் பார்க்கும் நேரத்தில் கட்ட ஓர் ஆள் வேண்டுமே. முதல் நாள் போட்டு விற்காததை மறுநாள் அவனே கடைகளிலிருந்து திரும்ப எடுத்து, ஊர் எல்லைக் கோழிப்பண்ணையில் கொட்டிவிட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

கடைக்காரர்கள் குதித்தார்கள். நேற்று நூலை யார் வாங்குவார்கள் என்றார்கள். விற்கிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள் என்றாள். சிலர் நூலை அறுத்துவிட்டு அடுக்கினார்கள். அவள் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று, நூல் இல்லாத ரொட்டி என் ரொட்டி இல்லை என்று வாங்க வந்தவர்களிடமே சொன்னாள். பேக்கரி முதலாளிதான், ரொட்டியை விட்டுவிட்டு நூல் விற்கிறாளே, அவள் ரொட்டிக்காரியா நூல்காரியா என்று கேலி பேசினார். கேலி ஊர் முழுக்க ஓடியது. ஓடி முடித்தபோது அதுவே அவள் பெயராகிவிட்டது; ரொட்டிக்கும் நூல் ரொட்டி என்று பெயர் வந்துவிட்டது. பெயர் வைக்கிற செலவை அவரே ஏற்றுக்கொண்டார் பாருங்கள் என்று கணவனிடம் சொன்னாள்.

மழை என்று இல்லை, காய்ச்சல் என்று இல்லை, விடியுமுன் அடுப்பு எரிந்துவிடும். ஒருமுறை தெருவே முழங்கால் தண்ணீரில் நின்றது. கடைகளே திறக்காது, இன்றைக்கு எதற்கு என்று மாமியார் கேட்டாள். திறக்கிற கடை ஒன்று இருந்தாலும் அதில் இன்றைய நூல் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மாவைப் பிசைந்தாள். கொழுந்தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரில் நடந்தான். நாளாக ஆக, காலண்டர் கிழிக்க மறந்த வீடுகளில் ரொட்டியைப் பார்த்துக் கிழமை தெரிந்துகொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால், நீலம் என்று பதில் வரும்.

இப்படி வளர்ந்துகொண்டிருந்த பெயருக்குத்தான் வீட்டுக்குள்ளிருந்தே கத்தி வந்தது.

தையல்காரர் ஒருநாள் ஒரு ரொட்டியைத் தாளோடு கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் வாங்கினாராம். அன்றைக்குப் பச்சை. கட்டியிருந்ததும் பச்சை. அவர் சத்தமில்லாமல் சொன்னார்: "தங்கச்சி, நூலு புதுசு. ரொட்டி பழசு."

அவள் நூலைத் தொடவில்லை. முதலில் ரொட்டியை அழுத்தினாள். குழி விழுந்தது, எழவில்லை. இரண்டு நாளாவது ஆன ரொட்டி. பிறகுதான் முடிச்சைப் பார்த்தாள். கடைக்காரன் போட்ட முடிச்சு என்றால் அன்றோடு பிரச்சினை முடிந்திருக்கும். அது மெத்தை முடிச்சு. அதிலும் கண்ணி எதிர்ப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அவள் போட்டால் வலப்பக்கம் சாயும். இடது கைக்காரன் போட்டால்தான் இப்படி விழும். அந்த முடிச்சு தெரிந்த இடது கை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

தையல்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் யாரிடமும் சொல்லவில்லை என்றார். நூல்காரி வீட்டு ஆள்தான் கொண்டுவந்து போட்டான் என்று பெட்டிக்கடைக்காரன் சொல்லிவிட்டான், ஊரில் பேச்சு ஆரம்பித்துவிட்டது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மதியம் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு அந்த ரொட்டியைக் கொழுந்தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைப் பார்த்ததும் கழுவிய கையை மறுபடி கழுவப் போய்விட்டான். அவன் வருவதற்குள் மாமியார் முந்திக்கொண்டாள்.

"அவனை ஏன் பாக்குற? நான்தான் கட்டச் சொன்னேன். பழைய நூலை அறுத்துக் குடுத்ததும் நான்தான்."

"எத்தனை நாளா, அத்தை?"

"கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. மணமா வெந்த ரொட்டியை மூட்டை மூட்டையா கோழிக்குக் கொண்டுபோய்க் கொட்டுறீங்க. நாங்கெல்லாம் பசின்னா என்னன்னு பாத்து வளந்தவங்க. என் கண்ணு பொறுக்கல. ஒரு நாள் பழசான ரொட்டி என்ன விஷமா?"

"விஷமில்ல அத்தை. நேத்து ரொட்டின்னு சொல்லி வித்திருந்தா உங்க காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். இன்னிக்கு ரொட்டின்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் விஷம்."

கணவன் நடுவில் புகுந்து சமாதானம் பேசினான். ஒரு வழி இருக்கிறது என்றான். கடைக்காரர்கள் ஏற்கெனவே நூலை அறுத்து ஏமாற்றியது ஊருக்கே தெரியும். இதையும் அவர்கள்தான் செய்தார்கள் என்று சொல்லிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பெட்டிக்கடைக்காரன் பேச்சு எடுபடாது. குடும்ப மானம் வீட்டுக்குள் இருக்கும், தம்பி பெயரும் கெடாது என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னான். நல்ல வழிதான். கேட்ட எல்லாருக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. ஆனால் அப்படிச் சொன்ன பிறகு அவள் கட்டுகிற நூலுக்கு என்ன அர்த்தம்? அவளே பொய் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் எந்த முகத்தோடு நூலைக் கையில் எடுப்பாள்? அவளுக்கு வேறு சொத்து கிடையாது. அந்த நூல் சொன்னால் ஊர் நம்ப வேண்டும், அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் மூலைக்கடையில் கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போனாள். அந்தப் பழைய ரொட்டியைக் கண்ணாடி அலமாரி மேல் வைத்தாள். கடைக்காரர், தன்மேல்தான் பழி வரப்போகிறது என்று நினைத்து, அவள் வாயைத் திறக்குமுன்னே மூன்று சத்தியம் செய்துவிட்டார்.

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்க. இந்தப் பழசுல புது நூலைக் கட்டினது எங்க வீட்டு ஆளுதான். யாருன்னு கேக்காதீங்க, என் வீடு, அதனால நான்தான். வாங்கி ஏமாந்தவங்க யாரா இருந்தாலும் வாங்க, இன்னிக்கு ரொட்டி எடுத்துட்டுப் போங்க. திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க. நாளைக்கும் நான் சுடுவேன்."

பிறகு பேசாதவர் யாரும் இல்லை. ஏமாந்தவர்களைவிட ஏமாறாதவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். அது எங்கேயும் உள்ளதுதானே. நின்ற இடத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தலை குனியவில்லை என்பதுதான் அவர்களுக்கு இன்னும் கோபம். திருடிவிட்டு நிமிர்ந்து நிற்கிறாளே என்று ஒருத்தி சொன்னாள். திருடியிருந்தால்தான் குனிய வேண்டும் என்று பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டில் வேறு பூசை காத்திருந்தது. புருஷனைப் பெற்றவளையும் அவன் தம்பியையும் கடைத்தெருவில் வைத்து ஏலம் போட்டுவிட்டாள் என்று மாமியார் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். அந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் கடல் தாண்டிப் போகிறவள் மாதிரி ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டுப் போனாள். கொழுந்தன் மறுநாள் பெரிய பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். போனவன் சும்மா போகவில்லை, முடிச்சையும் கூட்டிக்கொண்டு போனான். அந்த வாரமே பேக்கரி ரொட்டியிலும் நூல் வந்துவிட்டது. அதே நிறங்கள், அதே கிழமைகள். முடிச்சு மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

கடைகள் ஒவ்வொன்றாக அவளிடம் வாங்குவதை நிறுத்தின. பேக்கரி நூலே கிடைக்கும்போது சந்தேகப்பட்ட நூல் எதற்கு? கணவன் உடைந்துபோனான். கொஞ்ச நாள் அடுப்பை அணைத்து வைப்போம், ஊர் மறக்கட்டும், வேறு பெயரில் வேறு தாளில் ஆரம்பிப்போம் என்றான். அவள் தகர அச்சுகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "மறக்கிறதுக்கு நான் ஏங்க நேரம் குடுக்கணும்? தினமும் பாக்கட்டும். பாத்துப் பாத்து அலுத்துப்போகட்டும்."

முன்னறை ஜன்னலின் கம்பியைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டாள். வீட்டிலிருந்தே விற்க ஆரம்பித்தாள். முன்பு எத்தனை அச்சோ அத்தனை அச்சும் சுட்டாள், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. வாங்க வந்தவர்கள் கொஞ்சம் பேர். தையல்காரர் வருவார், அவருடைய வீட்டம்மா வருவார், வழி தெரியாமல் யாராவது வருவார்கள். மீதியெல்லாம் மறுநாள் மூட்டையாகக் கோழிப்பண்ணைக்குப் போனது. சைக்கிளும் இல்லை, ஆளும் இல்லை. அவளே மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெரு வழியாக நடப்பாள். கோழிகள் கொழுத்துவிட்டன, முட்டையில் ரொட்டி வாசம் அடிக்கிறது என்று தெருவில் கேலி பேசினார்கள். அவளுக்கும் காதில் விழும். முட்டையாவது புதுசாக இருக்கட்டும் என்று பதில் சொல்லிவிட்டு நடப்பாள். உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று கேட்டால், நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்தது போல இருந்தது என்று பின்னால் சொன்னாள். மாவு வாங்கிப் போட அம்மா கொடுத்த வளையலும் போயிற்று. அதோடு கையில் கழற்றுவதற்கும் ஒன்றும் இல்லை.

அந்த மூட்டைதான் மாமியாரைத் திரும்ப இழுத்துக்கொண்டு வந்தது. மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள் கண்முன்னால் தினமும் மூட்டை போகிறது. மருமகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போகிறாள். முதல் வாரம் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரம் முணுமுணுத்தாள். அதற்கும் மேல் தாங்கவில்லை. ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு, மூட்டைக்குப் பின்னாலேயே நடந்து, பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். தெருவே எட்டிப் பார்த்தது.

"நேத்து ரொட்டின்னு சொல்லி வித்தா காலைத் தொட்டுக் கும்பிடுறேன்னு சொன்னியா இல்லையா?"

"சொன்னேன் அத்தை."

"அப்ப கும்பிடு. நான் விக்கிறேன்."

நடுத்தெருவில் நூல்காரி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, குனிந்து மாமியார் காலைத் தொட்டாள். ஊரே திட்டியபோது குனியாதவள் அன்றைக்குக் குனிந்தாள். மாமியார், போதும் போதும், எழுந்திரு, பஸ் வருகிறது என்றாளாம்.

மறுநாள் காலையில் ஜன்னலுக்குக் கீழே, தெருவோரமாக ஒரு முக்காலி வந்தது. அதன்மேல் மாமியார். மடியருகே கூடை. கூடையில் முதல் நாள் ரொட்டி, முதல் நாள் நூலோடு, பாதி விலைக்கு. நூலை யாரும் தொடவில்லை. மாமியாருக்குக் கடவுள் கொடுத்த தொண்டை அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது. "நேத்து ரொட்டி! நேத்து சுட்ட ரொட்டி! இன்னிக்கு ரொட்டி வேணும்னா மேல என் மருமககிட்ட கேளு!" என்று தெருக்கோடி வரை கேட்கக் கத்தினாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கூடவே கத்திக்கொண்டு ஓடின. ஊர் சிரித்தது. பழசைப் பழசு என்று கூவி விற்கிற கூத்தை யாரும் அதுவரை பார்த்ததில்லை.

சிரித்துக்கொண்டே வந்து வாங்கினார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் ஆள் அதிகம் உள்ளவர்கள், பாலில் நனைத்துத் தின்கிறவர்கள் என்று கூடைக்கு ஆள் சேர்ந்தது. கூடை காலியான பிறகு வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். தையல்காரர் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் சொல்ல ஆரம்பித்தார்: "நேத்து ரொட்டியையே நேத்து ரொட்டின்னு தொண்டை கிழியக் கத்துற வீடு. அவங்க ஏன் இன்னிக்கு ரொட்டியில பொய் சொல்லப்போறாங்க?" பேச்சு ஒரே நாளில் பரவவில்லை. மழைக்காலம் ஒன்று போயிற்று, வெயில் காலம் ஒன்று வந்தது. அவள் சுட்டாள், மாமியார் கத்தினாள். இரண்டும் ஒருநாள்கூட நிற்கவில்லை.

பேக்கரி நூலுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நூல் கட்டுவது சுலபம், மிஞ்சியதைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம். முதல் மாதம் எடுத்தார்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தார்கள். பிறகு கடைக்காரர்கள் கையிலேயே நூல்கண்டைக் கொடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வெள்ளை நூலும் புதன்கிழமை சிவப்பு நூலும் தொங்கின. ஒரு கடையில் ஒரே ரொட்டிக்கு இரண்டு நிறம் கட்டியிருந்ததாம். கடைசியில் நூலை விட்டுவிட்டு, தாளில் ஒரு சிரிக்கிற குழந்தைப் படத்தை அச்சடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு பேக்கரி முதலாளி நேரில் வந்தார். ஜன்னலில் நின்றார், அவள் உள்ளே கூப்பிடவில்லை. பழைய வேலைக்காரன் வீடு என்று பாசமாகப் பேசிவிட்டு, தன் அடுப்பும் வண்டிகளும் அவளுடைய பெயரும் சேர்ந்தால் ஊர் ஊராகப் போகலாம், நூலை எனக்குக் கொடு என்றார்.

"நூல் தையல்கடையிலேயே கிடைக்குதுங்க. வாங்கிக் கட்டுங்க, யாரு வேணாம்னா? ஆனா தினமும் கட்டணும். அதை என்னால எப்படிங்க உங்களுக்கு விக்க முடியும்?" என்றாள். முக்காலியிலிருந்து மாமியார், ஐயாவுக்கு நேற்று ரொட்டி ஒன்று தரட்டுமா, விலை குறைவு என்று கேட்டாள்.

மூலைக்கடைக்காரரும் ஒருநாள் வந்து நின்றார். வாங்குகிறவர்கள் எல்லாரும் ஜன்னலுக்குப் போய்விட, அவர் கடையில் மற்ற சாமான்களும் தேங்க ஆரம்பித்துவிட்டன. பழையபடி ரொட்டி போடச் சொன்னார். போடுகிறேன், ஆனால் நீங்களும் நேற்று ரொட்டியைத் தனியாக வைத்துக் கத்தி விற்க வேண்டும் என்றாள். "எனக்குக் கத்த வராதும்மா, கூச்சமா இருக்கு" என்றார் அவர். அப்படியானால் எழுதிப் போடுங்கள் என்றாள். எழுதிப் போட்டார். எழுத்துப் பிழையோடு ஒரு பலகை அந்தக் கடையில் இன்னும் தொங்குகிறது.

கொழுந்தன் திரும்பி வேலைக்கு வரவில்லை. அவள் கூப்பிடவும் இல்லை, வராதே என்று சொல்லவும் இல்லை. விடுமுறை நாளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். அந்த முடிச்சைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அண்ணன் இறந்தபோது அடுப்புப் பக்கம் போய், அன்றைய மாவை அவன்தான் பிசைந்தான். யாரும் கேட்கவில்லை; அவனாகவே செய்தான். அன்றைக்கும் ரொட்டி போயிற்று. சாவு வீட்டில் அடுப்பெரிக்கலாமா என்று கேட்டவர்களிடம், மூச்சு இருந்தவரை அவர் சொல்லிக்கொடுத்தது இதைத்தான் என்று அவள் சொன்னாள்.

மாமியார் போய்ப் பல வருஷமாகிறது. கடைசி வரை தொண்டை மட்டும் தளரவில்லை.

நூல்காரி இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டதால் பிசைவதற்கு இரண்டு பெண்களை வைத்திருக்கிறாள். செங்கல் அடுப்பு போய்க் கரண்ட் அடுப்பு வந்துவிட்டது. காலையில் ஜன்னலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைய நூலை மட்டும் இன்னும் தன் கையாலேயே கட்டுகிறாள், மதியம் ஜன்னலை மூடுகிறாள்.